சிங்கம் பார்க்கக் கடன் வாங்கலாமா?

கேள்வி: நானும் மனைவியும் ஈரோட்டில் பள்ளி ஆசிரியர்கள். ஆப்பிரிக்கா போய் சிங்கம், சிறுத்தை, சிவிங்கிப்புலி எல்லாம் பார்க்க வேண்டும் என்பது கல்லூரியில் படிக்கும் எங்கள் மகளின் நெடுநாள் ஆசை. வரும் ஆகஸ்ட்டில் கென்யாவின் மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்துக்கு மூவருக்கும் சேர்த்து 8 லட்ச ரூபாய் பேக்கேஜ் சொல்கிறார்கள். கையில் 3 லட்சம் இருக்கிறது. மாதம் 20,000 ரூபாய் மிச்சம் பிடிக்கலாம். மீதி 5 லட்சத்துக்குத் தனிநபர் கடன் வாங்கலாமா?

பதில்: அவசியம் போய் வாருங்கள். ஆனால் கடனும் வேண்டாம், ஆகஸ்ட்டும் வேண்டாம்.

5 லட்சத்தை 14% வட்டியில் 3 ஆண்டுக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 17,100 ரூபாய். வட்டி மட்டுமே 1.15 லட்சம் போகும். மகளின் மேற்படிப்புச் செலவு வரும் நேரத்தில் உங்கள் மாதச் சேமிப்பில் பெரும்பகுதி தவணைக்கே போய்விடும்.

ஆகஸ்ட் ஏன் இவ்வளவு விலை? தான்சானியாவின் செரெங்கெட்டி தேசியப் பூங்காவிலிருந்து வில்டபீஸ்ட் என்னும் பெரிய மான் வகையின் கூட்டங்கள் மாராவுக்கு வருவது ஜூலை முதல் அக்டோபர் வரை. அதைப் பார்க்க உலகமே திரள்வதால் லாட்ஜ் வாடகை உச்சத்தில் இருக்கும். வெளிநாட்டவருக்கான நுழைவுக் கட்டணமும் ஜூலை முதல் டிசம்பர் வரை ஆளுக்கு நாளொன்றுக்கு 200 டாலர். ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர்தான். டாலர் 90 ரூபாய் என்று வைத்தால், மூன்று பேருக்கு மூன்று நாளில் இதில் மட்டும் 81,000 ரூபாய் மிச்சம். உங்கள் மகள் பார்க்க விரும்பும் சிங்கமும் சிறுத்தையும் ஆண்டு முழுக்க மாராவில்தான் இருக்கின்றன. வில்டபீஸ்ட்டுக்கான விலையை நீங்கள் ஏன் கொடுக்க வேண்டும்?

கோடை விடுமுறைக்குத் தள்ளிவிடாதீர்கள். மார்ச் முதல் மே வரை அங்கே பெருமழைக் காலம், வண்டி சேற்றில் சிக்கும். ஜனவரி வறண்ட மாதம். பொங்கல் விடுமுறையோடு இரண்டு மூன்று நாள் விடுப்பு சேர்த்தால் போதும்.

வரும் பொங்கலுக்குப் பணம் சேராது. அதற்கடுத்த பொங்கலுக்குப் போங்கள். இடையில் 20 மாதம் இருக்கிறது. வங்கியில் மாதம் 20,000 ரூபாய்க்கு ஆர்.டி. போட்டால், 6.5% வட்டியில் ஏறக்குறைய 4.22 லட்சம் கிடைக்கும். கையில் உள்ள 3 லட்சத்தை எஃப்.டி.யில் வையுங்கள், அந்த வட்டி ரூபாய் மதிப்பு சரிந்தால் ஈடுகட்டும். பங்குச்சந்தை ஃபண்டில் மாதாமாதம் முதலீடு செய்யும் எஸ்.ஐ.பி. போடலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இவ்வளவு குறுகிய காலத்துக்கு அது ஆபத்து.

பேக்கேஜ் பேசும்போது நுழைவுக் கட்டணம் அதில் அடக்கமா என்று எழுத்தில் வாங்குங்கள். விலை குறைவாகத் தெரியும் பல பேக்கேஜ்களில் அது இருக்காது. ஜீப் வாடகை வண்டிக்குத்தான், தலைக்கு அல்ல. தெரிந்த இன்னொரு குடும்பம் சேர்ந்தால் பாதியாகிவிடும். வெளிநாட்டுப் பேக்கேஜுக்கு ஏஜென்ட் முன்கூட்டியே பிடிக்கும் வரியான டி.சி.எஸ். தொகை செலவு இல்லை, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். பணம் கட்டுபவரின் பான் எண்ணில்தான் அது பதிவாகும் என்பதால், உங்கள் இருவரில் அதிக வரி கட்டுபவர் பணத்தைச் செலுத்தட்டும்.

கென்யாவுக்கு இப்போது விசா தேவையில்லை, ஆன்லைனில் இ.டி.ஏ. அனுமதி வாங்க வேண்டும், ஆளுக்கு 30 டாலர். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் புறப்படுவதற்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டுவிடுங்கள். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். அந்தச் சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் இங்கே வந்திறங்கியதும் தனிமைப்படுத்திவிடுவார்கள்.