கடலோரத்தில் கேம்பர் வேன்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி (கீழக்கரை வாசகர்): வேனை உள்ளேயே தங்கித் தூங்கும் கேம்பராக மாற்றி முக்கால் டன் ஸ்பிளிட் ஏசி பொருத்தியிருக்கிறோம். 150 ஏஎச் (ஆம்பியர் அவர்) டியூபுலர் பேட்டரி இரண்டு இருக்கின்றன. ராத்திரி ஏசி போட்டால் இரண்டே மணி நேரத்தில் இன்வர்ட்டர் கூவ ஆரம்பித்துவிடுகிறது. பேட்டரி பழுதா?

பதில்: பேட்டரியில் பழுதில்லை, கணக்கே அவ்வளவுதான். 12 வோல்ட்டில் 300 ஏஎச் என்றால் 3600 வாட் அவர். டியூபுலரைப் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும் என்பதால் கையிருப்பு 1800. சாதாரண முக்கால் டன் ஏசி சுமார் 800 வாட் இழுக்கும்; இன்வர்ட்டர் தின்பதையும் சேர்த்தால் 900. இரண்டு மணி நேரம் சரியாக வந்துவிடுகிறது.

வறண்ட ஊரில் உள்ளே குளிர்ந்ததும் கம்ப்ரசர் கட் ஆகிவிடும். உங்கள் பக்கம் காற்றிலுள்ள ஈரத்தைப் பிழிந்து வெளியே தள்ளவே அதற்கு நேரம் போதாது. ஏசித் தண்ணீர் வெளியேறும் ட்ரெயின் குழாய்க்கடியில் ஒரு வாளியை வைத்துப் பாருங்கள், எவ்வளவு ஈரம் என்று தெரியும். ஆகவே ஈரம் உள்ளே வருவதை முதலில் தடுங்கள். கதவு ரப்பரில் நோட்டுத்தாளை வைத்துக் கதவைச் சாத்துங்கள். இழுத்தால் சுலபமாக வந்துவிட்டால் அந்த இடத்தில் ரப்பரை மாற்ற வேண்டும். கூரைக்கும் பக்கங்களுக்கும் 19 மில்லிமீட்டர் நைட்ரைல் ஃபோம், இடைவெளி விடாமல். கண்ணாடிக்குத் திரை உள்ளே போடுவதைவிட வெளியே போடுவதே மேல்; உள்ளே போட்டால் சூடு கண்ணாடியைத் தாண்டி வந்தபிறகுதான் தடுக்கிறீர்கள்.

சாயங்காலம் வண்டியை நிறுத்தியதும் ஏசி போடாதீர்கள். இரண்டு பக்கமும் திறந்து, எக்ஸாஸ்ட் ஃபேனைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, பகல் முழுக்கத் தேங்கிய சூட்டை வெளியேற்றுங்கள். பிறகு ஃபேனை நிறுத்தி, எல்லாவற்றையும் சாத்தி, 27 டிகிரியில் வையுங்கள். 28 வாட் பிஎல்டிசி மின்விசிறி ஒன்று கூடவே சுற்றட்டும். எக்ஸாஸ்ட்டையும் ஏசியையும் சேர்த்து ஓட்டினால் வெளி ஈரத்தைக் காசு கொடுத்து உள்ளே இழுத்ததாகிவிடும். ஆனால் படுக்கும்போது ஒரு ஜன்னலை விரல் அகலத்துக்குத் திறந்து வையுங்கள்.

பேட்டரி மாற்றும் நாள் வந்தால் 200 ஏஎச் லித்தியம் ஃபெரோ ஃபாஸ்பேட் ஒன்று போதும். அதில் 2200 வாட் அவர் வரை தாராளமாக எடுக்கலாம். உள்ளே குளிர்ந்தபின் 400 வாட்டுக்கு இறங்கும் இன்வர்ட்டர் ஏசியோடு சேர்த்தால் நாலரை மணி நேரம் தாங்கும். எது எப்படியோ, எஞ்சினை ஓடவிட்டு அந்த ஏசியில் தூங்குவது மட்டும் கூடாது. காற்று திசை மாறினால் புகை உள்ளே வரும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

இன்னொன்று: வண்டி முன்பக்கம் தாழ நின்றால் ட்ரெயின் தட்டுத் தண்ணீர் குழாய்க்குப் போகாமல் படுக்கையில் சொட்டும். ரசமட்டம் வைத்துப் பார்த்து, சக்கரத்துக்கடியில் பலகை கொடுங்கள்.

கேள்வி (தங்கச்சிமடம்): ஏசிக்குப் பதில் ஏர் கூலர் வைத்தால் செலவு மிச்சமாகுமே?

பதில்: ஆகாது. கூலர் தண்ணீரை ஆவியாக்கித்தான் குளிர வைக்கிறது. மதுரையில் 38 டிகிரி, 30 சதவீத ஈரம் என்றால் பத்து டிகிரி வரை இறக்கிக் காட்டும். உங்கள் ஊரில் 32 டிகிரி, 75 சதவீதம் என்றால் இரண்டு மூன்று டிகிரிதான். மிச்சம் மெத்தையில் பூஞ்சையாக வந்து சேரும்.

நல்ல கூரை எக்ஸாஸ்ட்டே போதும். ஃபேன் தலைமாட்டில், திறந்த ஜன்னல் கால்மாட்டில். அப்போதுதான் காற்று உடம்பின்மேல் ஓடும். ஜன்னல் திறப்பு ஃபேன் வாய்க்குக் குறையக்கூடாது. கொசுவலை காற்றை மறிக்கும், அதில் உப்பும் தூசியும் படிந்தால் இன்னும் மோசம். வாரம் ஒருமுறை கழுவுங்கள். ஆடி மாதக் கச்சான் காற்றில் தென்மேற்குப் பக்க ஜன்னலையும், மார்கழி வாடையில் வடகிழக்குப் பக்க ஜன்னலையும் திறந்தால் பல ராத்திரி ஃபேனே வேண்டாம். தனுஷ்கோடிச் சாலையில் மட்டும் கச்சான் மணலையும் சேர்த்து வீசும்; அங்கே சாத்தியே வையுங்கள்.

கேள்வி (தொண்டி): வேனின் குளியலறையில் சின்ன கேஸ் கீசர் வைக்கலாமா? வயதான அம்மாவுக்கு வெந்நீர் வேண்டும்.

பதில்: வேண்டாம். புகைக்குழாய் இல்லாத கீசர் அத்தனை சின்ன அறையின் ஆக்சிஜனைச் சில நிமிடங்களில் குறைத்துவிடும்; அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு வரும்.

கடலோரத்தில் தொட்டித் தண்ணீரே 30 டிகிரி இருக்கும். 15 லிட்டர் வாளியை 40 டிகிரிக்குக் கொண்டுவர 5 லிட்டரை மட்டும் 60க்குச் சூடாக்கி, 10 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கலந்தால் போதும். இதற்கு 175 வாட் அவர்தான் ஆகும். 500 வாட் ஹீட்டரில் இருபது நிமிடம். 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் கீசர் போட்டாலும் அதே மின்சாரம்தான், ஆனால் பேட்டரியிலிருந்து 250 ஆம்பியருக்கு மேல் இழுக்கும்; வயர் சூடாகும், இன்வர்ட்டர் ட்ரிப் ஆகும்.

தினமும் ஓட்டுகிறவர்களுக்கு எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவத்தின் சூட்டில் இயங்கும் வெந்நீர்த் தொட்டி இன்னும் நல்லது. ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போய்ச் சேர்வதற்குள் தண்ணீர் தயார். கூலன்ட் 85 டிகிரிக்கு மேல் போகும், ஆகையால் பச்சைத் தண்ணீரைத் தானே கலந்து சூட்டை அளவாக்கும் தெர்மோஸ்டாட்டிக் மிக்ஸிங் வால்வு இல்லாமல் குழாயைத் திறக்காதீர்கள். சேஃப்டி வால்வில் சொட்டுகிறதென்று அதை அடைத்துவிடவும் கூடாது. சூடாகும்போது விரியும் தண்ணீருக்கு அதுதான் வழி.

உவர்த் தண்ணீர் ஊற்றினால் ஹீட்டரில் சுண்ணாம்பு ஏறும். லிட்டருக்கு 50 கிராம் சிட்ரிக் ஆசிட் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரை ஒரு மணி நேரம் நிறுத்தி, கொட்டிவிட்டு அலசுங்கள். தொட்டி துருப்பிடிக்காமல் காக்கும் மெக்னீசியம் ராடை ஆறு மாதத்துக்கொருமுறை கழற்றிப் பாருங்கள். உள்ளே கம்பி தெரிந்தால் மாற்றும் நேரம்.

கேள்வி (ஏர்வாடி): ஏசி வெளி யூனிட்டின் தகடுகள் பொடியாக உதிர்கின்றன. என்ன செய்வது?

பதில்: உதிர்ந்ததை ஒட்ட முடியாது. புதிதாக வாங்கும்போது செம்புக் காயில், பூச்சிட்ட தகடு என்று கேளுங்கள். மின்சாரத்தைத் துண்டித்து, வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரை மெதுவாக விட்டுக் கழுவுங்கள். கடற்கரையில் நிறுத்தியிருந்தால் அன்றைக்கே. பிரஷர் வாஷர் தகடுகளை மடக்கிவிடும். போர் தண்ணீர் உவராக இருந்தால் கழுவாமலிருப்பதே நல்லது. வெளியில் போடும் ஸ்குரூவைக் கடலுப்பைத் தாங்கும் 316 ரக ஸ்டெயின்லெஸ் என்று சொல்லிக் கேளுங்கள். அவ்வளவு தாங்காத 304 ரகமும் பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டாது, அதனால் காந்தம் வைத்துப் பார்த்து வாங்குவதில் பயனில்லை.