போர்டு மாறினாலும் விண்டோஸைக் காப்பாற்றலாம்

இடியில் மதர்போர்டு போய்விட்டது, கடைக் கணக்கு இருக்கும் விண்டோஸ் 11-ஐ அழிக்காமல் புது போர்டில் ஓட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள் அண்ணா. பெரும்பாலும் ஓடும். கொழிஞ்சாம்பாறையில் எனக்கு இதுதான் வேலை. ஐப்பசி மழை வந்தால் இப்படிக் கருகிய போர்டு மேசைக்கு வராமல் இருக்காது.

முதலில் டிஸ்கை வேறு கம்ப்யூட்டரில் மாட்டிக் கணக்கு ஃபைல்களைக் காப்பி எடுங்கள். தயவுசெய்து இதை விட்டுவிடாதீர்கள். பிட்லாக்கர் (டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) இருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் தேடுங்கள். அப்புறம் டிஸ்கைப் புது போர்டில் மாட்டுங்கள். பயாஸில் (போர்டின் அடிப்படை செட்டிங்ஸில்) ஸ்டோரேஜ் மோடு, அதாவது போர்டு டிஸ்கோடு பேசும் முறை, பழைய போர்டில் இருந்த மாதிரியே, ஏஹெச்சிஐ என்றால் ஏஹெச்சிஐ, இருக்கட்டும். மாறினால் விண்டோஸ் ஏறாமல் நீலத்திரைதான். முதல் தடவை ஆன் செய்யும்போது திரையில் புள்ளிகள் வெகுநேரம் சுற்றும், பவரை அணைக்காதீர்கள்.

லைசென்ஸ் அக்கவுண்டோடு இணைந்திருந்தால் விண்டோஸ் செட்டிங்ஸில் இருக்கும் ஆக்டிவேஷன் ட்ரபிள்ஷூட்டரில் சரியாகும். கம்ப்யூட்டரோடு வந்த ஓஇஎம் லைசென்ஸ் என்றால் புதிதாக வாங்க வேண்டியிருக்கும்.