கிரீஸ் நாட்டின் கிரீட் தீவுக்குக் குடும்பத்தோடு சுற்றுலா போகிறோம், பாதுகாப்பாக இருக்குமா?

திருட்டு, ஏமாற்று, நிறவெறி என்று மூன்று பயங்களை எழுதிவிட்டு, கடைசியில் "வெயிலைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம், நாங்கள் சென்னைக்காரர்கள்" என்று ஒரு சிரிப்புப் பொம்மை போட்டிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் உங்கள் மூன்று பயங்கள். பத்து நாளில் எங்களுக்குத் திருட்டு எதுவும் நடக்கவில்லை. கடற்கரையில் நிறுத்தும் வாடகைக் காரில் பை வெளியே தெரிய வைக்காதீர்கள், பாஸ்போர்ட்டை அறையில் வையுங்கள், போதும். நிறத்தை வைத்து யாரும் எங்களை ஒன்றும் சொல்லவில்லை. என் அனுபவம் இவ்வளவுதான், வேறு மாதிரி நடந்தவர்கள் சண்டைக்கு வராமல் அவர்கள் கதையைத் தனியாக எழுதட்டும். ஏமாற்று என்றால், விலைப்பட்டியல் பார்க்காமல் மீன் சொல்லாதீர்கள். பல கடைகளில் கிலோ கணக்கில்தான் விலை.

இனி என் கதை. நான் வேலூர்க்காரன். வேலூர் வெயில் என்பது எங்களுக்கு ஊர்ப் பெருமை மாதிரி. சித்திரை மாதத்தில் கோட்டை மைதானத்தில் செருப்பில்லாமல் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவன் நான். ஜூலையில் கிரீட்டில் 34 டிகிரி என்று போனில் பார்த்துவிட்டு, "இது எங்க ஊர் மார்கழி" என்று மனைவியிடம் சொன்னேன். அவள் தொப்பி வாங்கச் சொன்னாள், வாங்கவில்லை. ஊரிலிருந்து எலக்ட்ரால் பாக்கெட் நாலைந்து எடுத்து வந்திருந்தாள். "ஐரோப்பாவுக்கு வயிற்றுப்போக்கு மருந்தா?" என்று அதற்கும் கிண்டல்.

எங்களோடு என் மச்சானும் வந்திருந்தான். மூன்று பேரும் சமாரியா பள்ளத்தாக்கு நடப்பது என்று முடிவு செய்தோம். ஹானியா நகரிலிருந்து காலை பஸ்ஸில் மலைமேல் இருக்கும் ஓமாலோஸ். அங்கே ஷிலோஸ்கலோ என்ற இடத்தில், சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் நடை தொடங்குகிறது. கிட்டத்தட்ட நம் ஏலகிரி உயரம். கடல் வரைக்கும் 16 கிலோமீட்டர், பெரும்பாலும் இறக்கம். காலையில் மேலே குளிர்கிறது, ஒரு சால்வை இருந்தால் தேவலை என்று தோன்றியது. அந்தக் குளிர்தான் என்னைக் கவிழ்த்தது. ஒரே ஒரு அரை லிட்டர் பாட்டிலோடு இறங்கினேன்.

பாதிவழி வரை அருமை. பைன் மரம், ஊற்றுத் தண்ணீர், நடுவில் சமாரியா என்ற காலி ஊர். 1962இல் இதைத் தேசியப் பூங்கா ஆக்கியபோது அங்கிருந்தவர்கள் வெளியேறிவிட்டார்கள், வீடுகள் மட்டும் நிற்கின்றன. வழியில் ஊற்றுகளில் எல்லாரும் பாட்டிலை நிரப்பினார்கள். எனக்குத் தாகமே இல்லை, நான் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் நம் ஊர்க்காரர்கள் ஏமாறுவது இங்கேதான். நம் ஊரில் வேர்த்துக் கொட்டும், சட்டை முதுகில் ஒட்டும், உடம்பே "தண்ணி குடி" என்று சொல்லிவிடும். அங்கே காற்று காய்ந்த காற்று. வேர்வை வந்ததும் ஆவியாகிவிடுகிறது. சட்டை காய்ந்தே இருக்கிறது, வேர்க்கவில்லை என்று நினைத்துக்கொள்கிறோம். மாலையில் பார்த்தால் சட்டையில் வெள்ளையாக உப்புக்கோடு. இன்னொன்று, கோடையில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கிறார்கள். சூரியன் உச்சிக்கு வருவதே ஏறத்தாழ ஒன்றரை மணிக்கு. "பன்னிரண்டு தாண்டிவிட்டது, இனி இறங்கும்" என்று நான் நினைத்த நேரத்தில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

போர்ட்டெஸ் என்ற இடத்தில் இரண்டு பக்கப் பாறையும் நெருங்கி நடுவில் மூன்று நான்கு மீட்டர்தான் வழி. பாறைகள் முந்நூறு மீட்டர் உயரம் நிற்கின்றன. போஸ்டரில் வருவது இந்த இடம்தான். அதைத் தாண்டியதும் வெட்டவெளி, கீழே முழுக்க வெள்ளைக் கல். அங்கே எனக்கு உடம்பு சிலிர்த்தது. வெயிலில் குளிர் நடுக்கம்! காலையிலிருந்து ஒரு முறைகூடச் சிறுநீர் போகவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது, வாந்தி, அப்புறம் ஒரு கல்லில் உட்கார்ந்தவன் எழவில்லை. மனைவி கேட்டதற்கு நான் சம்பந்தமில்லாமல் ஆபீஸ் விஷயம் பேசினேனாம், எனக்கு நினைவில்லை.

பூங்காக் காவலர் ஒருவர் வந்தார். நிழலுக்கு இழுத்துப்போய், தலையிலும் கழுத்திலும் தண்ணீர் ஊற்றி, காலைத் தூக்கி வைத்தார். எலக்ட்ராலைக் கரைத்து வாய் வாயாகக் கொடுத்தாள் மனைவி. அங்கே ஆம்புலன்ஸ் வர வழி கிடையாது. நடக்க முடியாதவர்களைக் கொண்டுபோகக் கோவேறு கழுதை வைத்திருக்கிறார்கள். அதைக் கொண்டுவரட்டுமா என்று அவர் கேட்டார், நான் மறுத்தேன், ஒன்றரை மணி நேரம் கழித்து இரண்டு தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். கழுதையில் நான் ஏறவில்லை. இதை இங்கே பதிவு செய்கிறேன், ஏனென்றால் என் மச்சான் ஒவ்வொரு கல்யாணத்திலும் "மாமாவைக் கழுதை மேல வெச்சுக் கூட்டிட்டு வந்தோம்" என்றுதான் சொல்லிவருகிறான். போன மாதம் ஒரு கிரகப்பிரவேசத்தில் ஐயர் காதிலேயே போட்டுவிட்டான்.

நுழைவுச் சீட்டைக் கடைசி வரை பத்திரமாக வையுங்கள். வெளியேறும் இடத்தில் அதைக் கேட்கிறார்கள், யாராவது உள்ளே மாட்டிக்கொண்டார்களா என்று தெரிந்துகொள்ளத்தான். கடலோரத்தில் ஆகியா ரூமெலி என்ற சின்ன ஊர், அதற்குக் கார் போகும் சாலை கிடையாது, படகு மட்டும்தான். மாலைப் படகில் படுத்துக்கொண்டே வந்தேன். மறுநாள் ஹானியாவில் ஒரு டாக்டர் சலைன் ஏற்றினார்.

இங்கே ஒரு வயிற்றெரிச்சல். ஷெங்கன் விசாவுக்கு (ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் சேர்த்து ஒரே விசா) 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம், நீங்களும் எடுத்திருப்பீர்கள். நான் பில்லை அனுப்பினேன். முதல் 100 டாலர் செலவு நம்முடையதாம், என் பில் அதற்குள் அடங்கிவிட்டதாம். சரி. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை, "மேலும் மலையேற்றம் சாகச விளையாட்டில் சேரும்" என்று ஒரு வரி. நான் இறங்கத்தானே செய்தேன்? நடப்பது எப்போது விளையாட்டானது? பாலிசி வாங்கும்போது இனிக்க இனிக்கப் பேசிய ஏஜென்ட் இன்றுவரை போன் எடுக்கவில்லை. கையெழுத்துப் போடும் முன் அந்தப் பொடி எழுத்தைப் படித்துவிடுங்கள்.

"நான் ஆகஸ்டில் ரப்பர் செருப்போடு நடந்தேன், ஒன்றும் ஆகவில்லை" என்று ஒருவர் கருத்து போடுவார். வாழ்த்துகள். 2024 ஜூனில், பிரிட்டனில் டிவியில் உடல்நலம் பற்றியே பேசிப் பெயர் வாங்கிய டாக்டர் மைக்கேல் மோஸ்லி, கிரீஸின் இன்னொரு தீவான சிமியில் கடும் வெயிலில் தனியாக நடந்து போனவர், நான்கு நாள் தேடலுக்குப் பின் உடலாகத்தான் கிடைத்தார்.

கடலும் சாலையும் பற்றிச் சுருக்கமாக. ஜூலை, ஆகஸ்டில் மெல்தெமி என்று வடக்கிலிருந்து காற்று அடிக்கும், வடக்குக் கரையில் சிவப்புக் கொடி இருந்தால் தண்ணீரில் இறங்காதீர்கள், கிணற்று நீச்சல் அங்கே உதவாது. வண்டி வலப்பக்கம் ஓட்ட வேண்டும். பெரிய சாலையில் பின்னால் வருபவருக்கு ஓரக்கோட்டைத் தாண்டி ஒதுங்கி வழி விடுவது அங்கே பழக்கம், ஹாரன் அடித்தால் பதறாதீர்கள். அவசரத்துக்கு 112, ஆங்கிலத்தில் பேசலாம். காட்டுத்தீ என்றால் போனே அலறும். 2025 ஜூலையில் கிரீட்டிலேயே இயெராபெத்ரா என்ற ஊர்ப் பக்கம் ஆயிரக்கணக்கானவர்களை வெளியேற்றினார்கள், அந்த மாதிரி செய்தி வந்தால் பெட்டியைத் தேடாமல் கிளம்புங்கள்.

உங்கள் அப்பாவுக்கு 64 வயது என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்குப் பள்ளத்தாக்கு பார்க்க ஆசை என்றால் முழு நடை வேண்டாம். படகில் ஆகியா ரூமெலிக்குப் போய், கீழிருந்து போர்ட்டெஸ் வரை நடந்துவிட்டு அதே வழியில் திரும்பலாம். அதுவும் முடிந்தவரை காலையிலேயே, தலைக்கு ஒரு துண்டோடு.