இன்ஸ்டாகிராமில் சேலை விற்று மாதச் சம்பளத்தைவிட அதிகம் வருகிறது. வேலையை விட்டுவிடலாமா?

கேட்டவர் தனியார் கம்பெனியில் 35,000 ரூபாய் சம்பளத்தில் இருக்கிறார். மாலை நேரத்தில் ஆன்லைனில் சேலை விற்கிறார். ஆவணியில் இருந்து தீபாவளி வரை சம்பளத்துக்கு மேலேயே வந்திருக்கிறது. நானும் இதே வழியில் வந்தவள்தான். மதுரையில் ஒரு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்துகொண்டே சுங்குடிச் சேலை விற்கத் தொடங்கினேன், இப்போது முழுநேரமும் அதுதான் வேலை. அதனால் விடலாம் என்றுதான் சொல்வேன். ஆனால் இப்போது வேண்டாம்.

முதலில், நீங்கள் சொல்லும் மாதங்களைப் பாருங்கள். ஆவணி முகூர்த்தம், நவராத்திரி, தீபாவளி என்று வரிசையாக வருகிற காலம் அது. யார் விற்றாலும் சேலை போகும். கார்த்திகை, மார்கழி எப்படிப் போகிறது, பொங்கல் முடிந்தபின் எப்படி, ஆனி ஆடியில் எப்படி என்று தெரியாமல் சம்பளத்தோடு ஒப்பிட முடியாது. பருத்திச் சேலைக்குச் சித்திரை வெயில் நல்ல காலம். அடைமழையில் சாயம் போட்ட சேலை காயாது, அதனால் கேட்கிற கலர் கைக்கு வராது. ஒரு முழு வருடம் பார்த்தால்தான் உங்கள் சரக்கின் போக்கு பிடிபடும்.

அடுத்தது, 'வருகிறது' என்று நீங்கள் சொல்வது எந்தப் பணம்? 650 ரூபாய்க்கு வாங்கிய சேலையை 950க்கு விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 300. அதில் கூரியருக்கு 80, கவரும் அட்டையும் 15, விளம்பரத்துக்கு ஆர்டருக்கு 60. ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் பேமென்ட் கேட்வேக்குக் கட்டணம் 2 சதவீதமும் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்தால் 22 ரூபாய் ஆகும். மிச்சம் 123. (வாடிக்கையாளர் யுபிஐயில் நேராக அனுப்பினால் அந்த 22 தப்பும். வாட்ஸ்அப்பில் தெரிந்தவர்களுக்கு நான் அப்படித்தான் விற்கிறேன்.)

இதற்குப் பிறகு ஜிஎஸ்டி. தமிழ்நாட்டுக்குள் மட்டும் நேரடியாக விற்றால் வருட விற்பனை 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை. பெங்களூருக்கும் மும்பைக்கும் பார்சல் போகத் தொடங்கினால் பொதுவாகப் பதிவு செய்தாக வேண்டும். சுங்குடி போன்ற கைவினைப் பொருளுக்குச் சலுகை உண்டு, உங்கள் சரக்கு அதில் வருமா என்று ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பதிவு செய்தபின் அந்த 950க்குள்ளேயே 5 சதவீத வரி 45 ரூபாய் இருக்கிறது. நீங்கள் பதிவில்லாத சிறு உற்பத்தியாளரிடம் வாங்கினால் கழித்துக்கொள்ள, வாங்கும்போது கட்டிய வரியும் (உள்வரி) இருக்காது. அப்படியானால் கையில் நிற்பது 78 ரூபாய். இந்தக் கணக்கில் 35,000 ரூபாய் எடுக்க மாதம் கிட்டத்தட்ட 450 சேலை விற்க வேண்டும். ஒரு நாளைக்கு 15. அத்தனையையும் போட்டோ எடுத்து, விலை கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லி, மடித்து, பேக் செய்து அனுப்ப உங்கள் வீட்டில் எத்தனை கை இருக்கிறது?

கேஷ் ஆன் டெலிவரியில் திரும்பி வருவதை நான் இன்னும் சேர்க்கவில்லை. கையால் முடிச்சுப் போட்டுச் சாயமேற்றும் சுங்குடியில், முடிச்சை இழுத்துப் பிரித்தால் ஒரு புள்ளி பெரிதாக இருக்கும், ஒன்று சிறிதாக இருக்கும், துணியில் அங்கங்கே சுருக்கம் நிற்கும். கைவேலை என்பதற்கு அதுதான் அடையாளம். அச்சில் போட்டதைப் பார்த்துப் பழகியவர்கள் 'போட்டோவில் இப்படி இல்லையே' என்று பார்சலைத் திருப்பிவிடுவார்கள். போகவர இரண்டு கூரியர் செலவும் நமக்கு. திரும்பி வந்த சேலையை மறுபடி இஸ்திரி போட்டு, மடிப்பு மாற்றித்தான் அடுத்தவருக்கு அனுப்ப முடியும். இப்போது புள்ளிகளை மிக அருகில் வைத்து ஒரு வீடியோ எடுத்து, அதைப் பார்த்துச் சரி என்று சொன்னவர்களுக்கு மட்டும் அனுப்புகிறேன். ஆர்டர் கொஞ்சம் குறைந்தது, திரும்பி வருவதும் நன்றாகவே குறைந்துவிட்டது.

இதையெல்லாம்விட முக்கியமான ஒன்று இருக்கிறது, அதற்காகத்தான் இந்தப் பதிலையே எழுதுகிறேன். சம்பளம் உங்கள் வீட்டுச் செலவை மட்டும் பார்க்கவில்லை. உங்கள் வியாபாரத்துக்குக் காத்திருக்கும் தெம்பைக் கொடுப்பதும் அதுதான். ஆடியில் பெரிய கடைகள் தள்ளுபடி போடும்போது நீங்கள் விலையைக் குறைக்காமல் இருக்க முடிகிறதே, அது யார் தந்த தைரியம்? முதல் தேதி வாடகைக்கும் பள்ளிக்கூட ஃபீஸுக்கும் வேறு பணம் இருக்கிறது. அந்தப் பணம் நின்றுவிட்டால், அலமாரியில் இருக்கும் 60,000 ரூபாய்ச் சரக்கை வாங்கின விலைக்கே தள்ளத் தோன்றும். ஒருமுறை அப்படித் தள்ளிவிட்டால், அடுத்த முறை பழைய விலையைச் சொல்லும்போது யாரும் கேட்க மாட்டார்கள். லாபமாக வருவதில் பாதி அடுத்த சரக்காக மாறி உட்கார்ந்துவிடும் தொழில் இது. எனவே வேலையில் இருக்கும்போதே ஒன்று செய்யுங்கள்: சம்பளத்தைத் தொடாமல் தனிக் கணக்கில் விட்டுவிட்டு, வியாபாரத்தில் இருந்து மட்டும் மாதாமாதம் வீட்டுக்குப் பணம் எடுங்கள். மந்தமான மாதங்களிலும் சரக்குக்குக் கடன் வாங்காமல் அது நடந்தால் தொழில் உங்களைத் தாங்கும். ஒதுக்கிய சம்பளமும் சேர்ந்திருக்கும்.

விலகும் தேதியைப் பொறுத்துச் சில காசு விஷயங்களும் உண்டு. நிரந்தர வேலையில் இருப்பவருக்குப் பொதுவாக 5 வருடம் முடித்தால்தான் கிராஜுவிட்டி, அதாவது சர்வீஸுக்காகக் கம்பெனி தரும் தொகை. அடிப்படைச் சம்பளம் 20,000 என்றால் 5 வருடத்துக்கு ஏறக்குறைய 57,700 ரூபாய். நாலு வருடம் ஓட்டியவர் அதை விட்டுவிட்டு வரவே கூடாது. பிஎஃப்பில் பென்ஷன் பகுதிக்கு 10 வருட சர்வீஸ் சேர வேண்டும், அவசரப்பட்டு எடுத்துவிடாதீர்கள். கம்பெனி கொடுத்த மருத்துவக் காப்பீடு கடைசி நாளோடு போய்விடும். ஏற்கெனவே உள்ள நோய்களுக்குப் புது பாலிசியில் 3 வருடம் வரை காத்திருப்பு வரலாம் என்பதால் இப்போதே சொந்தமாக ஒன்று எடுத்துவிடுங்கள். வீட்டுக்கடன் யோசனை இருந்தால் அதுவும் சம்பள ரசீது கையில் இருக்கும்போதே.

அப்புறம், வாங்கினவர்களின் போன் எண்கள். 2020 ஜூன் கடைசியில் டிக்டாக் தடை வந்தபோது அதை மட்டுமே நம்பி விற்றவர்களுக்கு ஒரே நாளில் வாடிக்கையாளர் இல்லாமல் போனது. இன்ஸ்டாகிராம் கணக்குக்கும் எதுவும் ஆகலாம். ஒவ்வொருவரிடமும் கேட்டு அவர்கள் எண்ணை வாட்ஸ்அப் பட்டியலில் சேர்த்து வையுங்கள்.

மேலே சொன்ன வரவுசெலவுக் கணக்கெல்லாம் சரியாக வந்தால் ஆனி பிறந்ததும் ராஜினாமாக் கடிதம் கொடுங்கள். இரண்டு மாத நோட்டீஸ் என்றால் ஆடி முழுக்க, விற்பனை மந்தமாக இருக்கும் நேரத்தில், சம்பளம் வந்துகொண்டிருக்கும். அந்த மாதத்திலேயே சரக்கும் சொல்லி வைத்துவிடலாம். ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு ஆர்டர் வரும்போது நீங்கள் முழுநேரமும் வியாபாரத்தில் இருப்பீர்கள்.