அப்பப்பாவின் கடையும் உள்ளே இருக்கும் பழஞ்சாமான்களும் யாருக்குச் சொந்தம்?

கேள்வி: நிலாவெளி வீதியில் அப்பப்பா கட்டிய பழைய பலசரக்குக் கடைக் கட்டிடத்தில் நானும் கணவரும் பழம்பொருள் கடை நடத்துகிறோம். காணியையும் கட்டிடத்தையும் அப்பப்பா நன்கொடை உறுதி எழுதி அப்பாவுக்குக் கொடுத்தார். பலசரக்கை விட்டுப் பழஞ்சாமான் வியாபாரத்துக்கு மாறியவர் அப்பா. 2011இல் மரணசாதனம் எழுதாமலே காலமாகிவிட்டார். அம்மா எங்களோடு இருக்கிறார். அக்கா கொழும்பில், அண்ணா கனடாவில். கூரை மாற்றியது உட்பட எல்லாச் செலவும் எங்களுடையது. இப்போது அண்ணா தன் பங்கை ஒரு ஹோட்டல்காரருக்கு விற்கப் போவதாகச் சொல்கிறார். தேசவழமைப்படி முதலில் எங்களிடம்தானே கேட்க வேண்டும்? பத்து வருடத்துக்கு மேல் நாங்கள் மட்டும் இருந்ததால் ஆட்சியுரிமை கிடைக்காதா? கொழும்பு வியாபாரி ஒருவர் கடையின் முன்பக்கப் பலகைக் கதவை விலைக்குக் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: சகோதரி, தேசவழமையை முதலில் ஒதுக்கி வையுங்கள். திருகோணமலையில் இந்தத் தப்பான எண்ணம் நிறையப் பேரிடம் இருக்கிறது. தேசவழமை வடக்கு மாகாணத் தமிழருக்கு உரிய வழக்காற்றுச் சட்டம். பங்காளியிடம் முதலில் கேட்க வேண்டும் என்ற முன்கொள்வனவு உரிமையும் தேசவழமைக்கு உட்பட்ட காணிகளுக்குத்தான். கிழக்கு மாகாணத்தில் உள்ள நிலாவெளிக் காணி அதில் வராது. அண்ணா தன் பிரிபடாத பங்கை யாருக்கும் விற்கலாம், உங்கள் கையொப்பம் அவருக்குத் தேவையில்லை.

அவருடைய பங்கு எவ்வளவு? உங்களுக்குப் பொருந்துவது 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம். அதன்படி அப்பாவின் சொத்தில் பாதி அம்மாவுக்கு. மிச்சப் பாதி மூன்று பிள்ளைகளுக்கும் சமமாக, ஆளுக்கு ஆறில் ஒன்று. அண்ணா விற்கக் கூடியது அந்த ஆறில் ஒன்றை மட்டும். ஆனால் அதை வாங்கியவர் மறுநாளே மாவட்ட நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை வழக்குப் போடலாம். சிறிய காணியில் பெரிய கட்டிடம் நின்றால், பிரிக்க முடியாது, விற்றுப் பங்கிடுங்கள் என்று கட்டளை வர இடமுண்டு. அப்படி வந்தாலும், பொது ஏலத்துக்கு முன்னர் மதிப்பிட்ட விலையில் பங்காளிகளுக்குள் வாங்கிக்கொள்ள 1977ஆம் ஆண்டின் பிரிவினைச் சட்டம் வாய்ப்புத் தருகிறது. கூரைக்கான செலவையும் அந்த வழக்கில் கோரலாம். ஓடு, மரம், மேசன் கூலி என்று கையிலுள்ள பற்றுச்சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரே கோவையில் போட்டு வையுங்கள். மை மங்கிவிடும், இன்றைக்கே பிரதி எடுங்கள்.

ஆட்சியுரிமையை நம்ப வேண்டாம். ஒரு பங்காளி காணியில் இருந்தால் எல்லாப் பங்காளிகளுக்காகவும் இருப்பதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். 1911இல் கொறயா எதிர் அப்புஹாமி வழக்கில், அன்றைய இறுதி மேன்முறையீட்டு மன்றமான பிரிவிக் கவுன்சில் சொன்னது இன்றைக்கும் செல்லும். மற்றவர்களின் உரிமையை வெளிப்படையாக மறுத்து, அதன் பிறகும் பத்து ஆண்டு இருந்தால்தான் பேசலாம். அண்ணா ஊருக்கு வந்தபோது உங்களோடு அங்கேதானே தங்கினார்?

உங்களுக்குத் திறந்திருக்கும் வழி அம்மாவின் பாதி. அம்மா விரும்பினால், உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் சீவிய உரித்தைத் தனக்கு வைத்துக்கொண்டு, நொத்தாரிசு முன்னிலையில் அந்தப் பாதியை உங்களுக்கு நன்கொடையாக எழுதலாம். நீங்கள் ஏற்றுக்கொண்டதாகவும் உறுதியிலேயே எழுத வேண்டும். அப்போது உங்கள் பங்கு மூன்றில் இரண்டாகும். ஆனால் ஒன்று சொல்கிறேன். அக்காவுக்கும் அண்ணாவுக்கும் தெரியாமல் இதைச் செய்யாதீர்கள். வயதான தாயை ஏமாற்றி எழுதுவித்ததாக வழக்கு வந்தால், சாட்சிக் கூண்டில் ஏறுவது அம்மாதான். அண்ணாவிடமும் நேரே விலை பேசுங்கள். ஹோட்டல்காரருக்கும் பிரிபடாத ஆறில் ஒன்று தலையிடிதான், அவர் அதற்கு முழு விலை தரமாட்டார்.

நீங்கள் கேட்காத ஒன்று. அப்பா காலமான அன்று கடைக்குள் இருந்த சாமான்களும் முதுசம்தான். அவர் வாங்கி வைத்த பெட்டகம், குத்துவிளக்கு, கோலிச் சோடாப் போத்தல் எல்லாவற்றிலும் இதே பங்கு உண்டு. அதற்குப் பிறகு நீங்கள் வாங்கியவை உங்களுடையவை. இரண்டையும் பிரித்துக் காட்ட உங்களிடம் என்ன இருக்கிறது? அம்மாவை அருகே வைத்துக்கொண்டு அப்பாவின் காலத்துச் சாமான்களைப் படம் எடுத்துப் பட்டியல் போடுங்கள். இனி வாங்குவதற்கு ஒரு பதிவேடு வேண்டும்: திகதி, விற்றவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், பொருளின் அடையாளம், கொடுத்த விலை, அவருடைய கையொப்பம்.

பதிவேட்டின் அருமையை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். என்னிடம் வந்த ஒரு கடைக்காரர் நல்ல நம்பிக்கையில் ஒரு தூக்குவிளக்கு வாங்கியிருந்தார். புளி போட்டுத் துலக்கியபோது அடித்தட்டில் ஒரு கோயிலின் பெயர் தெரிந்தது. களவுப் பொருளை விலை கொடுத்து வாங்கினாலும் உரிமை வராது, விளக்கு கோயிலுக்குத் திரும்பியது. களவுப் பொருளை நேர்மையற்று வாங்கும் குற்றத்தைச் சொல்லும் தண்டனைச் சட்டக் கோவையின் 394ஆம் பிரிவிலிருந்து அவரைக் காப்பாற்றியது கொப்பியில் இருந்த ஒற்றை வரி.

இந்த வியாபாரத்துக்குப் பிரதேச சபையின் அனுமதிப்பத்திரம் மட்டும் போதாது. 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கக் கலாசார ஆதனங்கள் சட்டத்தின்படி, கலாசாரப் பொருள் விற்பவர் தனி உரிமம் பெற வேண்டும். உங்களிடம் இல்லையென்றால் தொல்பொருளியல் திணைக்களத்தில் உடனே விசாரியுங்கள். 1815 மார்ச் 2க்கு முற்பட்டது என்று நம்பக்கூடிய எதுவும் 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்துக்குள் வரும். புறாமலைத் தீவு பார்க்க வந்த வெள்ளைக்காரர் பழைய பொருளொன்றை வாங்கினால், அனுமதியில்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது என்பதைப் பற்றுச்சீட்டிலேயே எழுதிக் கொடுங்கள். மண்ணிலிருந்து எடுத்ததாகச் சொல்லி எவராவது சிலையோ எழுத்து வெட்டிய கல்லோ கொண்டுவந்தால் தொடவே வேண்டாம். புதைந்து கிடக்கும் தொல்பொருள் அரசுக்குச் சொந்தம். 1950இல் திருகோணமலையில் கிணறு வெட்டும்போது கோணேசர் கோயில் விக்கிரகங்கள் வெளிவந்த கதை நமக்குத் தெரியும். அப்படி ஒன்று ஒரு கடையின் மேசைக்கு வருவது நடக்காத காரியமல்ல. தொல்பொருள் குற்றத்துக்குச் சாதாரண வழக்கு மாதிரிப் பிணையும் கிடைக்காது.

சரி, பலகைக் கதவு. ஒன்று, இரண்டு என்று எண் வெட்டி, காலையில் வரிசையாகக் கழற்றி, இரவில் அதே வரிசையில் நிலையின் காடிக்குள் செருகும் பலகைகள்தானே? தனியாகக் கழன்று வந்தாலும் அவை கட்டிடத்தோடு சேர்ந்தவை. பலகைகளில் பாதி அம்மாவுடையது, அண்ணாவுக்கும் அக்காவுக்கும் பங்குண்டு. நீங்கள் மட்டும் விற்றால், நாளைக்கு அண்ணாவின் சட்டத்தரணி முதலில் காட்டப்போவது அந்த வெறும் காடியைத்தான். வியாபாரிக்கு இல்லை என்று சொல்லிவிடுங்கள். நன்கொடை உறுதியின் பிரதியோடும் அப்பாவின் மரணச் சான்றிதழோடும் ஒரு நொத்தாரிசைப் பாருங்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.