1812 போரில் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தான பிறகும் சண்டை நடந்தது ஏன்?

செய்தி கப்பலில்தான் போக வேண்டும், அதுதான் முதல் காரணம். போரிட்ட அமெரிக்காவும் பிரிட்டனும் 1814 டிசம்பர் 24-இல், இன்றைய பெல்ஜியத்தில் உள்ள கெண்ட் நகரில் கையெழுத்திட்டன. ஆனால் இரு அரசுகளும் ஒப்புதல் தந்தால்தான் போர் நிற்கும் என்று ஒப்பந்தத்திலேயே இருந்தது. அமெரிக்க செனட் ஒப்புதல் தந்தது 1815 பிப்ரவரி 16-இல். ஆகவே ஜனவரி 8-இல் நியூ ஆர்லியன்ஸில் அமெரிக்கத் தளபதி ஜாக்சனின் படை பிரிட்டிஷாரை நொறுக்கியதை 'போர் முடிந்தபின் நடந்த சண்டை' என்று பலர் சொல்வது சரியல்ல.

கடலில் நடந்தது இன்னும் கூத்து. சண்டையை நிறுத்த, தொலைதூரக் கடல்களுக்கு ஒப்பந்தம் அதிகபட்சம் 120 நாள் அவகாசம் கொடுத்திருந்தது. அதுவும் கடந்து ஜூன் 30-இல், ஜாவா, சுமத்ரா தீவுகளுக்கு இடையே உள்ள சுந்தா நீரிணையில் அமெரிக்கக் கப்பல் பீகாக், பிரிட்டிஷ் கிழக்கிந்தியக் கம்பெனியின் நாட்டிலஸ் கப்பலைச் சுட்டுப் பணியவைத்தது. சமாதானம் ஆகிவிட்டது என்று நாட்டிலஸ் தரப்பு சொல்லியும் பீகாக்கின் தளபதி வாரிங்டன் நம்பவில்லை. பிறகு உண்மை தெரிந்து கப்பலை விட்டுவிட்டார்.