டேலிலியில் புது ரகம் உருவாக்குபவர்களை ஏன் இவ்வளவு மெச்சுகிறார்கள்?

டேலிலி என்பது லில்லி போன்ற பூக்கள் பூக்கும் ஒரு தோட்டச் செடி. ஒரு டேலிலிப் பூவின் மகரந்தத்தை இன்னொரு டேலிலியின் சூல்முடியில் தடவி, விளையும் விதையை வளர்த்து, புதிதாக ஏதாவது பூக்கிறதா என்று பார்ப்பதுதான் இந்த வேலை. கருவி என்று பெரிதாக எதுவும் வேண்டாம், ஒரு சிறு தூரிகை போதும்.

கஷ்டமெல்லாம் பொறுமையிலும் பார்வையிலும்தான். விதை முதல் பூவைக் காட்டப் பெரும்பாலும் 2, 3 ஆண்டுகள் ஆகும். அந்தப் பூவும் ஒரே நாளில் வாடிவிடும். ஒரே காயின் விதைகள்கூட ஒன்றுபோல் பூப்பதில்லை. சீட்டுக்கட்டைக் கலைத்துப் போடுவது போல, தாய் தந்தைச் செடிகளின் குணங்கள் ஒவ்வொரு விதையிலும் வேறு மாதிரி விழுகின்றன. அதனால் ஏராளமான நாற்றுகளை வளர்த்து, பெரும்பாலானவற்றைக் கழித்துவிட வேண்டியிருக்கிறது. என்னைக் கேட்டால், எதை வைத்துக்கொள்வது என்பதைவிட எதைக் கழிப்பது என்று தெரிவதுதான் பெரிய திறமை.

காட்டு இனங்களில் இருப்பது மஞ்சளும் ஆரஞ்சும் செம்பழுப்பும்தான். நியூயார்க் தாவரவியல் பூங்காவில் ஆர்லோ ஸ்டவுட் என்ற தாவரவியலாளர் பல தலைமுறைகள் கலந்து பார்த்த பிறகே, 1934-இல் 'தெரான்' என்ற அடர்சிவப்பு ரகம் வெளிவந்தது. அமெரிக்க டேலிலிச் சங்கத்தின் மிக உயர்ந்த பதக்கம் இன்றும் அவர் பெயரில்தான். (அசல் நீலம் இதுவரை யாருக்கும் சிக்கவில்லை.)

பிடித்த ரகத்தின் விதையை ஊன்றினால் அதே பூ வரும் என்று பலர் நம்புகிறார்கள். வராது, அதே பூ வேண்டுமென்றால் தூரைப் பிரித்துத்தான் நட வேண்டும்.